கான்ட்ராக்டர் அட்வான்ஸ் கழியாமல் ஊருக்கு விடமாட்டேன் என்கிறார். பையரின் படிவத்தில் நான் என்ன எழுதுவது?

கேட்டவர்: கொடுங்கையூர் தையல்

வணக்கம். கொடுங்கையூரில் ஒரு சின்ன ஏற்றுமதி யூனிட்டில் கணக்கையும் ஆள் நிர்வாகத்தையும் நான்தான் பார்க்கிறேன். கேன்வாஸ் பை தைத்து லண்டனில் ஒரு கம்பெனிக்கு அனுப்புகிறோம். மெஷினில் உட்காருபவர்கள் முத்தமிழ் நகர், எம்.கே.பி. நகர், வியாசர்பாடிப் பெண்கள். அவர்கள் எங்கள் நேரடிச் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. குறையில்லாமல் போகிறது. கட்டிங், பேக்கிங், லோடிங் மூன்றும் கான்ட்ராக்டர் பொறுப்பு. அவர் ஒடிசா, பீகார் பையன்களைக் கூட்டிவந்து பின்தெருவில் ஒரு வீட்டு மாடியில் தங்கவைத்திருக்கிறார்.

பையரிடமிருந்து, அதாவது சரக்கு வாங்கும் அந்த லண்டன் கம்பெனியிடமிருந்து, இந்த வருடம் ஒரு நீளமான படிவம் வந்திருக்கிறது. வேலைக்குச் சேர யாராவது பணம் கட்டினார்களா, யாருக்காவது கடன் இருக்கிறதா, அசல் அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது, நினைத்த நேரத்தில் வேலையை விட்டுப் போக முடியுமா, துணி தருபவர்கள் இடத்திலும் ஜாப் ஒர்க் செய்பவர்கள் இடத்திலும் நிலைமை என்ன என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. முதலாளி, "எல்லாத்துக்கும் பிரச்சினை இல்லைன்னு போட்டு அனுப்பிடும்மா. நாம என்ன ஆளைக் கட்டியா வெச்சிருக்கோம்?" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்.

என்னால் அப்படி எழுத முடியவில்லை. பேக்கிங்கில் இருக்கும் ஒரு பையன் ஒடிசாவில் பத்ரக் பக்கம். அப்பாவுக்கு உடம்பு மோசம், ஊருக்குப் போகணும் என்று கேட்டான். கான்ட்ராக்டர், "வாங்கின 30,000-ல் இன்னும் 18,000 பாக்கி. அதை வைத்துவிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். ஆதார் அசல் அவரிடம். ஏ.டி.எம். கார்டும் அவரிடம். சம்பளம் வங்கியில் ஏறியதாக எங்களுக்கு மாதாமாதம் பட்டியல் தருகிறார். அதில் எவ்வளவு பையன்கள் கைக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது.

இது கொத்தடிமையா, இல்லை சாதாரணக் கொடுக்கல் வாங்கலா? கான்ட்ராக்டரின் ஆள் என்றால் எங்களுக்குப் பொறுப்பு உண்டா? உண்மையை எழுதினால் ஆர்டர் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. போனால் மெஷினில் இருக்கும் பெண்களுக்கும் வேலை போகும். அப்புறம், காடா துணி ஈரோட்டிலிருந்து வருகிறது. அதற்கும் பின்னால் இருக்கும் நூல் மில்லில் நடப்பதை எங்களைப் போன்ற சின்ன யூனிட் எப்படித் தெரிந்துகொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில்: எண்ணூர் பழைய சங்கத்துக்காரன்

அம்மா, மணலி கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் ஆளாக மூட்டை தூக்கி, பிறகு சங்க வேலைக்கு வந்தவன் நான். உங்கள் முதலாளி சொன்ன "கட்டியா வெச்சிருக்கோம்" என்ற வார்த்தையை எத்தனையோ கம்பெனி வாசலில் கேட்டிருக்கிறேன். பூட்டும் காவலும் இருந்தால்தான் கொத்தடிமை என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. 1976-ல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் பூட்டைத் தேடச் சொல்லவில்லை. முன்பணம் வாங்கிய காரணத்தால் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வேண்டியிருக்கிறதா, வேறு இடத்தில் வேலைக்குச் சேர முடியாமல் இருக்கிறாரா, நாட்டுக்குள் நினைத்த இடத்துக்குப் போகமுடியாமல் இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறது. மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். உங்கள் பையன் படுத்திருக்கும் அப்பாவைப் பார்க்கப் போகமுடியவில்லை. காரணம் 18,000 ரூபாய். இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

அதே சட்டம் இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறது. அதை முதலாளிக்குப் படித்துக் காட்டுங்கள். ஒன்று, அப்படிப்பட்ட கடன் செல்லாது. திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. கொடுக்கச் சொல்லி வாங்கினால் வாங்கியவருக்கு 3 வருடம் வரை சிறை. இரண்டாவது, பிரச்சினை என்று வந்தால் "இது கொத்தடிமைக் கடன் இல்லை" என்று காட்ட வேண்டியது பணம் கொடுத்தவர் வேலை. பையன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இதற்கெல்லாம் மேலே அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு இருக்கிறது. 1982-ல் ஏசியாட் (டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்புதான் என்று சொல்லிவிட்டது. பசியும் வறுமையும் ஒருவரைத் தள்ளுவதும் வற்புறுத்தல்தான் என்று அந்தத் தீர்ப்பு பார்த்தது.

அட்வான்ஸ் எல்லாமே கொத்தடிமை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பண்டிகைக்கு, கல்யாணத்துக்கு, பள்ளிக்கூடச் செலவுக்குக் கம்பெனியே வட்டியில்லாமல் கொடுத்து, தாளில் எழுதி, மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, நடுவில் ஆள் போகணும் என்றால் போகவிட்டால் அது உதவி. ஆளை நிறுத்திவைக்கக் கொடுத்தால்தான் அது வேறு.

பொறுப்பு யாருடையது என்று கேட்டீர்கள். உங்களுடையதும்தான். கான்ட்ராக்டர் கூலி கொடுக்கவில்லை என்றால் வேலை வாங்கிய கம்பெனி கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்து வரும் பொறுப்பு. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அது இருக்கிறது. கூலி கொடுக்கும் இடத்தில் கம்பெனி ஆள் நின்று, இவ்வளவு கொடுக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றும் அந்தப் பழைய சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அந்த ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் மணலியில் நாங்கள் பாதிச் சண்டையைப் போட்டிருக்க வேண்டாம். கம்பெனி ஆள் வரவே மாட்டார். மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்ட தாள் மட்டும் போகும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கோபத்தில் கான்ட்ராக்டரை நாளைக்கே வெளியேற்றாதீர்கள். அவர் அந்தப் பையன்களை ராத்திரியோடு ராத்திரியாக கும்மிடிப்பூண்டிக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ ஏற்றிக்கொண்டு போய்விடுவார். கடன் நோட்டும் அவர்களோடு போகும். உங்கள் படிவம் சுத்தமாகிவிடும், பையன்கள் நிலைமை இன்னும் மோசமாகும். முதலில் ஆதாரும் ஏ.டி.எம். கார்டும் அவரவர் கைக்கு வர வேண்டும். முதலாளியே நின்று, எல்லார் முன்னாலும் வாங்கிக் கொடுக்க வேண்டும். "தொலைத்துவிடுவார்கள், பத்திரத்துக்காக வைத்தேன்" என்பார். அப்படியென்றால் சாவி பையன்கள் கையில் இருக்கும் சின்ன லாக்கர் வாங்கிப் போடுங்கள். அந்தப் பத்ரக் பையனை உடனே கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுங்கள். டிக்கெட் கம்பெனி செலவு. அவனுக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு தாள் எழுதி, கான்ட்ராக்டரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகல் அவனிடம் கொடுங்கள்.

அடித்ததாகவோ பூட்டிவைத்ததாகவோ தெரிந்தால், அல்லது ஒருவனுக்கு 18 வயது ஆகவில்லை என்று சந்தேகம் வந்தால், உள்ளுக்குள் பேசி முடிக்கும் வேலையே கூடாது. உங்கள் பகுதிக்கு வடசென்னை வருவாய் கோட்டாட்சியர். கொத்தடிமைப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் வருவாய்த் துறைக்குத்தான் இருக்கிறது. சிறுவன் என்றால் 1098.

கடைசியாக ஒன்று, இதை முதலாளி கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். கான்ட்ராக்டருக்கு நீங்கள் எத்தனை நாளில் பணம் கொடுக்கிறீர்கள்? பையர் உங்களுக்கு மூன்று மாதம் கழித்துத் தருகிறார், நீங்கள் அவருக்கு இரண்டு மாதம் கழித்துத் தருகிறீர்கள் என்றால், நடுவில் அவர் வட்டிக்கு வாங்கித்தான் ஆட்களுக்குச் சாப்பாடு போடுகிறார். போட்ட பணம் ஓடிவிடக் கூடாது என்று ஆதாரைப் பிடுங்கி வைக்கிறார். லண்டனில் ஆரம்பித்த தாமதம் கொடுங்கையூர் மாடியில் படுத்திருக்கும் பையன் தலையில் வந்து இறங்குகிறது. அவர் செய்வதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பணம் நேரத்துக்கு வராத இடத்தில் எந்தக் கான்ட்ராக்டர் வந்தாலும் இதையேதான் செய்வார்.


பதில்: செங்குன்றம் கணக்கு

பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் முன்பு செங்குன்றத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினேன். ஆலைக்குள்ளேயே இருளர் குடும்பங்கள் இருந்தன. ராத்திரி நெல் அவிப்பார்கள், விடிந்ததும் களத்தில் கொட்டிக் காலால் துழாவிக் காயவைப்பார்கள். வெயில் ஏற ஏற வேலை அதிகமாகும். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்து ஒரே கூலி. குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் பற்று எழுதுவோம். அட்வான்ஸ் முதல் வரி. அதற்குக் கீழே குழந்தைக்குக் காய்ச்சல், ஊசி. பொங்கலுக்குத் துணி. நொய் ஒரு மூட்டை. யாராவது சாவுக்குப் போனால் போன நாளின் கூலியும் பற்றிலேயே ஏறும். வரவு பக்கம் எழுத ஒன்றும் இருக்காது. நான் பார்த்த ஒரு பக்கத்தில் அப்பா இறந்ததும் பாக்கி அப்படியே மகன் பெயருக்கு மாறியிருந்தது. தொகை மாறவில்லை, பெயர்தான் மாறியது. அந்தப் பக்கத்தை என் கையால் தொடர்ந்து எழுத மனம் வரவில்லை. அந்த வேலையை விட்டுவிட்டேன்.

அதனால் உங்களுக்குக் கணக்குத் தெரிந்தவர் என்ற முறையில் ஒரு யோசனை. கான்ட்ராக்டரிடம் "கட்டாய உழைப்பு உண்டா" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார். நோட்டைக் கேளுங்கள். ஒவ்வொருவன் பெயரிலும் அட்வான்ஸ் எவ்வளவு, ஆறு மாதத்துக்கு முன் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று பாருங்கள். உழைக்க உழைக்கப் பாக்கி குறைய வேண்டும். குறையாமல் நிற்கிறது, அல்லது ஏறுகிறது என்றால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை. வாடகை, அரிசி, ரயில் டிக்கெட் என்று எதையெல்லாம் பிடிக்கிறார் என்பதும் அதிலேயே வந்துவிடும். நோட்டைக் காட்டமாட்டேன் என்றால் அதுவும் பதில்தான்.

இன்னொன்று. சப்ளை என்றதும் எல்லாரும் துணி, நூல் என்றுதான் யோசிக்கிறார்கள். உங்கள் கேன்டீன் அரிசி எங்கிருந்து வருகிறது? புதிதாக ஷெட் கட்டினால் செங்கல் எங்கிருந்து வருகிறது? திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கே நுவாகாய் பண்டிகை முடிந்த கையோடு முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள். பண்டிகைக்குக் கையில் காசு வந்துவிடும், பிறகு சூளை மூடும் வரை அதற்கு உழைக்க வேண்டும். கல்லை அறுப்பது அப்பா அம்மா, திருப்பிப் போட்டுக் காயவைப்பது பிள்ளைகள். எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் கல் குறையும். அந்தச் செங்கல் சென்னையில் எந்தச் சுவரில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.


பதில்: ராயபுரம் ஆடிட்

அக்கா, நான் ஏற்றுமதி யூனிட்களில் சோசியல் ஆடிட், அதாவது தொழிலாளர் நிலைமையைச் சரிபார்க்கும் வேலை, செய்கிறேன். படிவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்தப் படிவம் ஏன் வருகிறது என்றால், பிரிட்டனில் 2015-ல் நவீன அடிமைத்தனச் சட்டம் வந்தது. ஆண்டு விற்றுமுதல் 36 மில்லியன் பவுண்டுக்கு மேல் இருக்கும் கம்பெனிகள், தங்கள் தொழிலிலும் சப்ளையர்களிடமும் அடிமைத்தனம் இல்லாமல் இருக்க என்ன செய்தோம் என்று வருடாவருடம் அறிக்கை வெளியிட வேண்டும். ஆஸ்திரேலியாவும் 2018-ல் இப்படி ஒன்று கொண்டுவந்தது, அங்கே 100 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர். இவை எல்லாம் பையரின் தலையில் உள்ள சட்டம், உங்கள் தலையில் இல்லை. உங்களைக் கட்டுப்படுத்துவது பெரியவர் சொன்ன 1976 சட்டமும், விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்குவதைக் குற்றமாக்கும், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 146-ஆவது பிரிவும்தான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் நிறைவேற்றிய விதி வேறு மாதிரி. கட்டாய உழைப்பில் செய்த பொருளை அங்கே விற்கவே கூடாது என்கிறது. 2027 டிசம்பரிலிருந்து நடைமுறை. அறிக்கை எழுதித் தப்பிக்க அதில் வழியில்லை.

நீங்கள் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். கான்ட்ராக்ட் ஆட்கள் இருக்கும் யூனிட்டில் எல்லாக் கட்டத்திலும் "பிரச்சினை இல்லை" என்று இருந்தால் எனக்கு அங்கேதான் சந்தேகம் வரும். விவரம் தெரிந்த பையர் யாருக்கும் வரும். "கான்ட்ராக்டரிடம் அசல் ஆவணம் இருந்தது. இந்தத் தேதியில் திருப்பி வாங்கிக் கொடுத்தோம். அட்வான்ஸ் விவரம் இது. இத்தனை மாதத்தில் இதைச் செய்யப் போகிறோம்" என்று எழுதினால் அதை வைத்து மேற்கொண்டு பேசலாம். பிரச்சினை இருக்கிறது என்று சொன்ன சப்ளையரை உடனே வெட்டிவிடாமல் முதலில் சரிசெய்ய உதவ வேண்டும், விலகுவது கடைசி வழி என்பதுதான் 2011-ல் வந்த ஐ.நா. வழிகாட்டு நெறிகளில் இருக்கும் அணுகுமுறை. பையரின் இணையதளத்தில் இந்த நெறிகளை ஏற்கிறோம் என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் உங்கள் கடிதத்தில் அதைச் சுட்டிக்காட்டுங்கள். பணம் தரும் கெடுவைப் பற்றியும் அதே கடிதத்தில் எழுதுங்கள். மூன்று மாதக் கெடுவில் இதைச் சரிசெய்வது கஷ்டம் என்று சப்ளையர் சொல்லாமல் அவர்களுக்குத் தெரியாது.

பையன்களிடம் பேசும்போது ஆபீஸ் அறையில் உட்காரவைத்துப் பேசாதீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி நின்றால் ஒருவனும் வாய் திறக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை, வெளியே, ஒடியாவோ இந்தியோ பேசும் ஒரு வெளி ஆளை வைத்துப் பேசுங்கள். ஒருவன் சொன்னது இன்னொருவன் மூலம் வெளியே வராதபடி எல்லாரிடமும் பேசுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அறிகுறிகள் வைத்திருக்கிறது. ஆவணத்தைப் பிடித்துவைப்பது, கடனில் கட்டுவது, கூலியை நிறுத்திவைப்பது, ஏமாற்றிக் கூட்டிவருவது, வெளியே விடாமல் இருப்பது, மிரட்டுவது எல்லாம் அதில் உண்டு. அதை வைத்துக் கேட்டால் எதுவும் விடுபடாது.

நூல் மில் பற்றி. ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் மில் ஹாஸ்டலிலேயே தங்கவைத்து வேலை வாங்குவதை "கேம்ப் கூலி" என்று சொல்லுவார்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருடம் ஹாஸ்டலில் இருந்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லிப் பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். நடுவில் விலகினால் அந்தத் தொகை கிடையாது. அந்தப் பெயர் இன்று எந்த போர்டிலும் இருக்காது. எனவே துணி தருபவரிடம் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். நூல் எந்த மில், ஹாஸ்டல் உண்டா, 2014-ல் வந்த தமிழ்நாடு மகளிர் விடுதிச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறதா, சம்பளம் முழுவதும் மாதாமாதம் கைக்கு வருகிறதா, ஒரு பெண் தனியாகக் கடைக்குப் போய்வர முடியுமா, போன் அவளிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன யூனிட்டுக்கு மில் பதில் சொல்லாமல் போகலாம். உங்களைப் போல அதே துணி வாங்கும் நாலைந்து யூனிட் சேர்ந்து கேட்டால் பதில் வரும்.

எங்களைப் போன்ற ஆடிட்டர்கள் பார்த்து எழுதும் தாளை மட்டும் நம்பிவிட வேண்டாம் என்பதற்கு தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திண்டுக்கல்லில் ஒரு ஆடை ஆலையில் பெண்கள் மீது நடந்த வன்முறைக்குப் பிறகு, தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022-ல் ஆலையோடும் எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளோடும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் போட்டது. அதன்படி வேலை செய்யும் பெண்களே தளத்தில் கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள். அதே வருடம் ஜூலையில் அமெரிக்க சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்குக்குத் தடை போட்டது, செப்டம்பரில் நீக்கியது. நீக்கியதற்கு இந்த ஒப்பந்தத்தின்படி நடந்த வேலைதான் முக்கியக் காரணம்.


கேட்டவர்: கொடுங்கையூர் தையல்

எல்லாருக்கும் நன்றி. பெரியவரே, நீங்கள் எழுதியதை அப்படியே அச்செடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். கடன் செல்லாது, வாங்கினால் சிறை என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி படித்தார். மறுநாள் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, தன் முன்னாலேயே ஆதார், கார்டு எல்லாம் திருப்பிக் கொடுக்கவைத்தார். பத்ரக் பையன் ஊருக்குப் போய்விட்டான். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், போன் செய்து சொன்னான்.

நோட்டையும் பார்த்தேன். செங்குன்றம் அண்ணன் சொன்ன மாதிரியேதான். மூன்று பேருக்குப் பாக்கி ஏறியிருக்கிறது. மாடி வாடகையைத் தலைக்குப் பிடிக்கிறார், மொத்தமாகக் கூட்டினால் அந்த வீட்டு வாடகையைவிட அதிகம் வருகிறது.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கான்ட்ராக்டர், "கடனைத் தள்ளுபடி செய்துவிடுகிறேன், விஷயத்தை வெளியே கொண்டுபோகாதீர்கள்" என்கிறார். முதலாளிக்கும் அதுவே நிம்மதி. அந்த மூன்று பேர் விஷயத்தில் இப்படி முடித்துக்கொள்வது சரியா? அடுத்தது, கைப்பிடிக் கயிறு முறுக்கி முடிச்சுப் போடும் வேலையை வியாசர்பாடியில் வீடுகளுக்குக் கொடுக்கிறோம். நடுவில் ஓர் அக்கா வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறார். அதையும் படிவத்தில் சேர்க்க வேண்டுமா?


பதில்: ராயபுரம் ஆடிட்

வீட்டு வேலையைக் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும் அக்கா. ஒரு வீட்டில் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை கைப்பிடி முடிகிறது என்று பாருங்கள். அதை எட்டு மணி நேரத்துக்குப் பெருக்கி, பீஸ் ரேட்டால் பெருக்கினால் குறைந்தபட்சக் கூலி வருகிறதா என்று தெரிந்துவிடும். வரவில்லை என்றால் ரேட்டை ஏற்றுங்கள். பிள்ளைகள் முடிச்சுப் போடுகிறார்கள் என்றால் பெரும்பாலும் ரேட் பத்தாததுதான் காரணம். நடுவில் இருக்கும் அக்காவின் கமிஷனைத் தனியாகக் கொடுங்கள், பெண்களின் ரேட்டிலிருந்து அவர் எடுக்கும்படி விடாதீர்கள்.


பதில்: எண்ணூர் பழைய சங்கத்துக்காரன்

பையன் ஊருக்குப் போனது கேட்டு மனசு நிறைந்தது அம்மா. உங்கள் முதலாளிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அந்த மூன்று பேர் விஷயத்தை முதலாளியும் கான்ட்ராக்டரும் பேசி முடிக்கக் கூடாது. அவர்களைத்தான் கேட்க வேண்டும். கோட்டாட்சியர் விசாரித்து, கொத்தடிமையாக இருந்தார் என்று விடுதலைச் சான்றிதழ் கொடுத்தால் மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உதவித்தொகை உண்டு. உடனடியாக 30,000 ரூபாய் வரை. பிறகு ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம், மிக மோசமான கொடுமை நடந்திருந்தால் 3 லட்சம். முழுத் தொகை வழக்கு முடிவைப் பொறுத்து இழுக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீங்கள் பேசி முடித்துவிட்டால் அந்தச் சான்றிதழ் அவர்களுக்குக் கிடைக்காது. "தள்ளுபடி" என்று கான்ட்ராக்டர் சொல்வதும் பெரிய தியாகம் இல்லை. சட்டப்படி இல்லாத கடனை அவர் எப்படித் தள்ளுபடி செய்வார்? அதிகமாகப் பிடித்த வாடகையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அவர் தராவிட்டால் கம்பெனி கொடுத்துவிட்டு அவர் பில்லில் பிடித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் அவர்கள் மொழியில் விளக்கி, ஊரில் இருக்கும் வீட்டாரோடு பேச இரண்டு நாள் கொடுங்கள். புகார் கொடுக்கிறேன் என்று ஒருவன் சொன்னால் முதலாளி தடுக்கக் கூடாது, நோட்டின் நகலைக் கொடுக்க வேண்டும். வேண்டாம், எனக்கு வேலையும் சம்பளமும் ஒழுங்காக வந்தால் போதும் என்றால் உங்கள் நேரடிப் பட்டியலில் எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கிங் வருடம் முழுவதும் நடக்கும் வேலை, அதற்குக் கான்ட்ராக்டர் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

லோடிங்குக்கு அவரையே வைத்துக்கொள்வதானால் பில்லை இரண்டாகப் பிரியுங்கள். கூலி தனி, அவர் சேவைக் கட்டணம் தனி. கூலி கம்பெனியிலிருந்து நேராகப் பையன் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். சேவைக் கட்டணத்தை மாதம் முடிந்த ஒரு வாரத்தில் கொடுத்துவிடுங்கள். ஒடிசாவிலிருந்து ஆளைக் கூட்டிவரும் ரயில் செலவும் கம்பெனி கணக்கிலேயே போகட்டும், ஏனென்றால் பற்று நோட்டின் முதல் வரி பெரும்பாலும் அந்த டிக்கெட்டில்தான் ஆரம்பிக்கிறது. கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போக யாராவது கூட வர வேண்டும் என்றால் இங்கேயே எழுதுங்கள், எங்கள் சங்கத் தோழர்கள் வருவார்கள்.